பழைய ஃபோர்வீல் வண்டியின் மாடலையும் விவரங்களையும் கண்டறிவது எப்படி?

பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கியவருக்கு முதல் சோதனை உதிரிபாகக் கடையில்தான் வருகிறது. "என்ன மாடல், என்ன வருடம், என்ன எஞ்சின்?" என்று கேட்டால், "லேண்ட் ரோவர்" என்றோ "லேண்ட் க்ரூசர்" என்றோ சொல்வது பதிலாகாது. 1980இல் வெளிவந்த 60 வரிசை லேண்ட் க்ரூசரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரே உருவம்; உள்ளே ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருக்கலாம், நான்கு சிலிண்டர் 3.4 லிட்டர் டீசல் இருக்கலாம், ஆறு சிலிண்டர் 4.0 லிட்டர் டீசல் இருக்கலாம், அதுவும் டர்போவுடனோ டர்போ இல்லாமலோ இருக்கலாம்.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. இவ்வகை வண்டிகளில் சேஸிஸ் என்னும் சட்டகம் தனி, மேலே உட்காரும் உடல் தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் உடலை மாற்றிவிடலாம். எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கர அச்சான ஆக்சில் எல்லாவற்றையும் வேறு வண்டியிலிருந்து கொண்டுவந்து பொருத்தலாம். நாற்பது ஆண்டுகள் உழைத்த வண்டியில் இவற்றில் ஏதேனும் ஒன்று நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. ஆகவே "இது என்ன வண்டி?" என்பது உண்மையில் இரண்டு கேள்விகள்: தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இது என்னவாக இருந்தது? இன்று என்னவாக இருக்கிறது? ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தை நடுவில் பிரித்து, இடப்புறம் "பிறப்பில்" என்றும் வலப்புறம் "இப்போது" என்றும் தலைப்பிடுங்கள். கண்டறியும் ஒவ்வொரு விவரமும் இந்த இரண்டில் ஒன்றில் சேர வேண்டும். எதில் சேர்ப்பது என்று தெரியாத விவரத்தை ஒரு கேள்விக்குறியுடன் ஓரத்தில் வையுங்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. நல்ல டார்ச் விளக்கு, கம்பி பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், பழந்துணி, சாக்கட்டி, ஐந்து மீட்டர் டேப், நூலில் கட்டிய ஒரு குண்டு, படமெடுக்க ஒரு கைபேசி ஆகியவை போதும். எழுத்துகளையும் எண்களையும் தகட்டில் உள்ள வடிவிலேயே நோட்டில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் "பி" என்ற ஒரே எழுத்து இரண்டு வெவ்வேறு ரோமன் எழுத்துகளுக்கு வந்து பின்னால் குழப்பிவிடும்.

முதல் படி: சட்டகத்தில் உள்ள எண்

பதிவுச் சான்றில் உள்ளதை அப்படியே நம்பித் தொடங்காமல், இரும்பில் பொறிக்கப்பட்டிருப்பதைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலான லேண்ட் க்ரூசர்களில் வலப்பக்கச் சட்டகத்தின் முன்பகுதியில், முன்சக்கரத்தின் அருகே, சட்டக எண் பொறிக்கப்பட்டிருக்கும். சீரிஸ் வகை (1948 முதல் 1985 வரை வந்த) லேண்ட் ரோவர்களில் முன் வலது ஸ்பிரிங்கைத் தாங்கும் பிடிப்பைச் சுற்றித் தேட வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்பில் முன் பம்பருக்குப் பின்னால், இடது சட்டகத்தின் உட்புறத்தில் ரிவெட் செய்யப்பட்ட சிறு தகட்டில் எண் இருக்கும்; அதே வடிவில் ஃபோர்டு தயாரித்த ஜிபிடபிள்யூவிலோ இடது சட்டகத்தின் மேல்முகத்திலேயே எண்ணைப் பொறித்தார்கள். இந்த இரண்டு ஜீப்புகளையும் வேறுபடுத்த இன்னொரு வழியும் உண்டு. ரேடியேட்டருக்குக் கீழே சட்டகத்தைக் குறுக்காக இணைக்கும் கம்பி எம்பியில் உருண்டையான குழாயாக இருக்கும், ஜிபிடபிள்யூவில் கவிழ்த்த வாய்க்கால் போன்ற வடிவில் இருக்கும்.

எண் இருக்கும் இடத்தில் பல ஆண்டு எண்ணெயும் சேறும் கெட்டித்திருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டுக் கம்பி பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். கிரைண்டரை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். துருவோடு எண்ணும் போய்விட்டால் வண்டிக்கு அடையாளம் இல்லை, பல இடங்களில் அது சட்டச் சிக்கலாகவும் மாறும். சுத்தம் செய்தபின் சாக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பள்ளமான எழுத்துகள் தெளிவாகத் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடயமோ, மட்டமாகத் தேய்த்த அடையாளமோ, வரிசையும் ஆழமும் ஒத்துப்போகாத எழுத்துகளோ தென்பட்டால் மேலே எதுவும் செய்யாமல் முதலில் ஆவணங்களைச் சரிபார்த்துக்கொள்வதே நல்லது.

எண் பதினேழு எழுத்துகள் கொண்டதாக இருந்தால், அது 1981ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமெரிக்காவில் கட்டாயமாகிப் பிற இடங்களுக்கும் பரவிய பொதுவடிவம். இதில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளும் வராது. அவை இருப்பதுபோல் தெரிந்தால் நீங்கள் 1 அல்லது 0வைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். முதலெழுத்து ஜே என்றால் ஜப்பான். பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைக் காட்டும் என்று பலரும் சொல்வார்கள். வட அமெரிக்காவுக்காகச் செய்யப்பட்ட வண்டிகளுக்கு மட்டும் அது உறுதியான விதி. பிற சந்தைகளுக்குப் போன வண்டிகளில் அந்த இடத்தில் வெறும் பூஜ்யம்கூட இருக்கக்கூடும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான வண்டிகளில் பதினேழு எழுத்து முறையே கிடையாது. மாடல் குறியீடு, ஒரு சிறு கோடு, பிறகு வரிசை எண் என்ற அளவில் முடிந்துவிடும். எண் குட்டையாக இருப்பதாலேயே போலி என்று அஞ்ச வேண்டாம்.

இரண்டாம் படி: தகட்டைப் படித்தல்

பெரும்பாலும் எஞ்சின் அறையின் பின்சுவரிலோ கதவுச் சட்டத்திலோ உள்ள தகட்டில் மாடல், எஞ்சின், சட்டக எண், நிறம், கியர்பாக்ஸ், ஆக்சில் ஆகியவற்றுக்கான குறியீடுகள் இருக்கும். இந்தத் தகடு உடலோடு சேர்ந்தது, சட்டகத்தோடு சேர்ந்ததல்ல. எனவே தகட்டில் உள்ள எண்ணும் சட்டகத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தபின்பே அதன் விவரங்களைப் "பிறப்பில்" என்ற பத்தியில் ஏற்றலாம். இரண்டும் ஒன்றாக இல்லையெனில், தகடு வேறொரு வண்டியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

டொயோட்டாவின் குறியீட்டு முறை புதியவர்களுக்கு மிகவும் உதவக்கூடியது; ஒருமுறை புரிந்துகொண்டால் மறக்காது. எஃப்ஜே40 என்பதில் முதலெழுத்து எஞ்சின் குடும்பம், "ஜே" என்பது லேண்ட் க்ரூசர், எண் உடலின் வரிசை. எஃப் என்றால் ஆறு சிலிண்டர் பெட்ரோல். பி (B) என்றால் நான்கு சிலிண்டர் டீசல். எச் என்றால் ஆறு சிலிண்டர் டீசல். அதே குடும்பத்தில் எஞ்சின் மாறினால் கடைசி இலக்கம் மாறும். எச்ஜே60இல் 2எச் எஞ்சின், எச்ஜே61இல் டர்போ வைத்த 12எச்-டி (12H-T), எஃப்ஜே60இல் 4.2 லிட்டர் 2எஃப், எஃப்ஜே62இல் 4.0 லிட்டர் 3எஃப். இதற்குப் பின் வரும் எழுத்துகளையும் விட்டுவிடக் கூடாது. எஃப்ஜே62எல்ஜி-பிஇஏ (FJ62LG-PEA) என்ற குறியீட்டில் எண்ணை அடுத்து வரும் "எல்" இடப்பக்க ஸ்டியரிங்கையும், கோட்டை அடுத்து வருவது தானியங்கி கியர்பாக்ஸையும், கடைசி "ஏ" அமெரிக்கச் சந்தையையும் குறிக்கின்றன. வலப்பக்க ஸ்டியரிங் என்றால் "எல்" இருக்கும் இடத்தில் "ஆர்" இருக்கும். ஐந்து கியர் கொண்ட கைக்கியர் என்றால் கோட்டை அடுத்து "எம்" வரும். ஆஸ்திரேலியச் சந்தை என்றால் கடைசியில் "கியூ" வரும். ஹைலக்ஸ் பிக்கப்பிலும் இதே வழிதான்: எல்என் எனத் தொடங்கினால் எல் குடும்ப டீசல், ஆர்என் எனத் தொடங்கினால் ஆர் குடும்ப பெட்ரோல்.

சுசுகி இன்னும் எளிது. எஸ்ஜே410இல் 1.0 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், எஸ்ஜே413இல் 1.3 லிட்டர். முன்னதில் நான்கு கியர், பின்னதில் ஐந்து.

மூன்றாம் படி: வீல்பேஸை அளத்தல்

தகடும் எண்ணும் கைவிட்ட வண்டிகளில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது டேப்தான். பெயர்ப்பலகையை எந்த வண்டியிலும் ஒட்டிவிடலாம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலான தூரத்தை மாற்றச் சட்டகத்தையே வெட்ட வேண்டும். வண்டியைச் சமதளத்தில், ஸ்டியரிங் நேராக இருக்க நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் நூல்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்கட்டியால் குறியிட்டு, குறிகளுக்கு இடையே இரு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். இரு பக்கமும் கணிசமாக வேறுபட்டால் ஆக்சில் இடம் நகர்ந்திருக்கிறது, அல்லது சட்டகம் அடிபட்டிருக்கிறது.

லேண்ட் ரோவரில் இந்த ஓர் அளவே பாதி விடை. 1948இல் வந்த முதல் வண்டி 80 அங்குலம். 1954 மாடலிலிருந்து 86, 107 ஆகியவையும், பின்னர் 88, 109 ஆகியவையும் வந்தன. கடைசி இரண்டும் 1985 வரை நீடித்ததால், 2235 மி.மீ. என்றோ 2769 மி.மீ. என்றோ அளவு வந்தால் அது எந்தச் சீரிஸ் என்பதைப் பிற அடையாளங்களால்தான் பிரிக்க வேண்டும். 1958இல் வந்த இரண்டாம் சீரிஸில் உடலின் பக்கங்கள் தோளருகே வளைந்திருக்கும். முதல் சீரிஸில் தட்டையாக இருக்கும். 1971இல் வந்த மூன்றாம் சீரிஸில் கிரில் பிளாஸ்டிக். மீட்டர்கள் டாஷ்போர்டின் நடுவிலிருந்து ஓட்டுநருக்கு நேராக வந்துவிட்டன. ஹெட்லைட்டுகள் கிரில் அருகிலிருந்து மட்கார்டுக்கு மாறியது இரண்டாம் ஏ சீரிஸின் இறுதிக் காலத்தில். 1983இல் 110 வந்தபோது பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் போய்ச் சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங் வந்தது. அடுத்த ஆண்டு வந்த "தொண்ணூறு"வை அளந்தால் 90 அங்குலம் கிடைக்காது, 92.9 அங்குலம்தான் கிடைக்கும். அளவு தவறிவிட்டதோ என்று திகைக்க வேண்டாம். டிஃபெண்டர் என்ற பெயர் 1990இல்தான் வந்தது. எண்பதுகளின் வண்டியில் அந்தப் பெயர் இருந்தால் யாரோ பின்னர் ஒட்டியது.

ஜீப்பில் போர்க்கால எம்பி, பொதுமக்களுக்கான சிஜே-2ஏ, சிஜே-3பி மூன்றும் 80 அங்குலம் (2032 மி.மீ.), ஆகவே முகத்தைப் பார்க்க வேண்டும். தகடு அடித்துச் செய்த எம்பி கிரில்லில் ஒன்பது துவாரங்கள், சிஜே-2ஏயில் ஏழு. சிஜே-3பியின் பானட் கண்ணில் படும்படி உயரமாக இருக்கும்: முந்தைய எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக் என்னும் எஞ்சின் அடிப்பாகத்திலேயே இருந்தன, 3பியில் வந்த எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுகள் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறியதால் எஞ்சின் உயர்ந்தது, அதை மூட பானட்டும் உயர்ந்தது. 3பியை மகிந்திராவும் மிட்சுபிஷியும் உரிமம் பெற்றுத் தயாரித்ததால், தகட்டில் வில்லிஸ் என்ற பெயர் இல்லாத 3பிகளும் ஏராளம். சிஜே-5 முதலில் 81 அங்குலமாக இருந்து 1972 மாடலில் நீண்டது; 1976இல் வந்த சிஜே-7 சுமார் 93.5 அங்குலம். சதுர ஹெட்லைட் இருந்தால் அது 1987 மாடலாக வந்த ராங்ளர் ஒய்ஜே.

நான்காம் படி: எஞ்சின்

இங்கிருந்து எழுதுவதெல்லாம் "இப்போது" என்ற பத்தியில்தான். எஞ்சின் எண் பிளாக்கில் தட்டையாகச் சீவப்பட்ட ஒரு பட்டையில் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணின் முன்னால் வரும் எழுத்துகளே பெரும்பாலும் எஞ்சின் வகையைச் சொல்லிவிடும். பிளாக்கில் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும் எண்களை எஞ்சின் எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை வார்ப்பின் எண்கள். ஒரே வார்ப்பு பல எஞ்சின்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

எழுத்துகள் அழிந்திருந்தால் சிலிண்டர்களை எண்ணுங்கள். ஸ்பார்க் பிளக் கம்பிகள் செல்கின்றனவா, டீசல் பம்பிலிருந்து இரும்புக் குழாய்கள் செல்கின்றனவா என்று பாருங்கள். ஹெட்டைக் கழற்றும் நேரம் வாய்த்தால் கொள்ளளவைக் கணக்கிட்டே அறியலாம். சிலிண்டர் விட்டத்தின் வர்க்கத்தை 0.7854ஆல் பெருக்கி, பிஸ்டன் ஓட்டத்தாலும் சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். 2எச் எஞ்சினில் விட்டம் 91 மி.மீ., ஓட்டம் 102 மி.மீ., சிலிண்டர் ஆறு. சென்டிமீட்டரில் வைத்துக் கணக்கிட்டால் 3980 சிசி வரும். ரீபோர் செய்த, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிய எஞ்சினில் விட்டம் சற்றுக் கூடியிருக்கும், ஓட்டம் மாறியிருக்காது. கொள்ளளவு மட்டும் போதாது என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு: லேண்ட் ரோவரின் 2286 சிசி எஞ்சின் பெட்ரோலிலும் வந்தது, டீசலிலும் வந்தது.

ஐந்தாம் படி: கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும்

கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். உள்ளே உட்கார்ந்து லீவர்களை எண்ணுங்கள். சீரிஸ் லேண்ட் ரோவரில் கியர் லீவரைத் தவிர, சிவப்புக் குமிழ் உள்ள லீவர் ஹை (வழக்கமான வேகம்), லோ (மெதுவான வேகம், அதிக இழுவிசை) மாற்றுவதற்கு. மஞ்சள் குமிழ் நான்கு சக்கர இயக்கத்துக்கு. பழைய ஜீப்புகளிலும் இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு தனி லீவர்கள் இருக்கும். ஒரே லீவரில் 2எச் (இரு சக்கர ஹை; இங்கே எஞ்சின் பெயரல்ல), 4எச் (நான்கு சக்கர ஹை), என் (நியூட்ரல்), 4எல் (நான்கு சக்கர லோ) என்று எழுதியிருந்தால், வேண்டும்போது மட்டும் முன்சக்கரங்களுக்கு விசை தரும் பகுதிநேர அமைப்பு. 2எச் என்ற நிலையே இல்லாமல், முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டுவதற்கு மட்டும் ஒரு நிலையோ பொத்தானோ இருந்தால் அது முழுநேர அமைப்பு. லீவர் குமிழில் உள்ள படத்தை மட்டும் நம்பாதீர்கள். குமிழ் மாற்றுவதற்கு மிக எளிதான பொருள்.

ஆறாம் படி: ஆக்சிலும் அதன் விகிதமும்

முன்புறம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திட ஆக்சில் இருக்கிறதா, சக்கரங்கள் தனித்தனியே அசைகின்றனவா என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் டிஃபரன்ஷியல் விகிதம், அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. இதை எண்ணியே அறியலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை: சீரிஸ் லேண்ட் ரோவர், பழைய 40 வரிசை லேண்ட் க்ரூசர் போன்றவற்றில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் இல்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. அத்தகைய வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் டிஃபரன்ஷியல் வழியாகச் சுழன்றுகொடுக்க, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி உருண்டுவிடும். ஆகையால் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இருபுறமும் அடைக்கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொடுங்கள். தூக்கியபின் ஆக்சிலுக்குக் கீழே உறுதியான முட்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நுழைக்கக் கூடாது.

ஒரு பின்சக்கரம் தரையில் இருக்க, மற்றதைத் தூக்கி, டூவீல் நிலையில் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துக்கொள்ளுங்கள். சக்கரத்திலும் ஷாஃப்ட்டிலும் சாக்கட்டிக் கோடு போட்டுச் சக்கரத்தை இருபது சுற்று சுற்றுங்கள். ஒருவர் சுற்ற, மற்றொருவர் ஷாஃப்ட்டை எண்ணட்டும். ஷாஃப்ட் 41 சுற்று சுற்றினால் விகிதம் 4.1, 37 என்றால் 3.7. ஒரே சக்கரம் சுழலும்போது டிஃபரன்ஷியல் பாதி வேகத்தில்தான் சுழலும். இருபது சுற்றைப் பத்தாகக் கொள்வது அதனால்தான். பின்னர் முன் ஆக்சிலிலும், இம்முறை பின்சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்து, முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் ஃப்ரீவீல் ஹப் இருந்தால் அதைப் பூட்டிக்கொண்டு, எண்ணிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இல்லையென்றால், கெட்டியான சாலையில் மட்டுமல்ல, எங்கேயும் ஃபோர்வீலில் போடாதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது.

மீதி அளவுகளை விரைவாக முடித்துவிடலாம். வீல் ஸ்டட்டுகள் ஆறு என்றால் எதிரெதிர் ஸ்டட்டுகளின் மையங்களுக்கு இடையே நேராக அளக்கலாம். லேண்ட் க்ரூசருக்கும் நிசான் பேட்ரோலுக்கும் 139.7 மி.மீ. வரும். ஐந்து ஸ்டட் என்றால் அடுத்தடுத்த இரண்டின் மைய இடைவெளியை 0.588ஆல் வகுக்க வேண்டும்: 82 மி.மீ. இடைவெளி என்றால் 139.7, சிஜே ஜீப்பும் சுசுகி எஸ்ஜேயும், 97 மி.மீ. என்றால் 165.1, லேண்ட் ரோவர். பிரேக் முன்னால் டிரம்மா டிஸ்க்கா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி இரண்டு இருந்தால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பழைய டொயோட்டா டீசல்கள் சில சந்தைகளில் 24 வோல்ட்டில் வந்தன. போர்க்கால ஜீப் 6 வோல்ட். இதைப் பார்க்காமல் பல்பு வாங்கினால் பல்பு போகும், ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கினால் பணம் போகும்.

ஆண்டைத் தீர்மானித்தல்

பதிவு ஆண்டு வேறு, தயாரிப்பு ஆண்டு வேறு. ராணுவத்திலோ நிறுவனங்களிலோ ஓடிய வண்டி பல ஆண்டுகள் கழித்தும் முதல்முறை பதிவாகியிருக்கலாம். சீட் பெல்ட்டின் அடிப்பகுதியில் தைத்த துணிச்சீட்டு, பிளாஸ்டிக் பாகங்களின் பின்புறம் உள்ள கடிகாரம் போன்ற அச்சு, கண்ணாடி மூலையில் உள்ள குறி ஆகியவற்றில் பாகம் செய்யப்பட்ட காலம் இருக்கும். மாற்றப்படாத பாகம் எதுவானாலும் வண்டிக்குச் சற்று முன்னால் செய்யப்பட்டதாகத்தான் இருக்கும். எனவே நாலைந்து தேதிகள் ஓராண்டுக்குள் அடங்கி, ஒன்று மட்டும் பத்தாண்டு தள்ளி நின்றால், அந்த ஒன்றுதான் பின்னர் வந்தது. டயரில் உள்ள தேதியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு நோட்டின் இரு பத்திகளையும் அருகருகே படித்தால், எங்கெங்கே அவை பிரிகின்றன என்று தெரியும். பொருள் வாங்கும்போது எந்தப் பத்தியைப் பார்க்க வேண்டும் என்பது பொருளைப் பொறுத்தது. கதவு ரப்பருக்கும் கண்ணாடிக்கும் உடலின் வரிசை போதும். எண்ணெய் ஃபில்டருக்கும் கேஸ்கெட்டுக்கும் "இப்போது" உள்ள எஞ்சின் வேண்டும். கிளட்ச் தட்டுதான் புதியவர்களை அதிகம் அலைக்கழிக்கும், என்னையும் ஒருமுறை இருதடவை கடைக்கு நடக்க வைத்தது: அதன் வெளி விட்டம் எஞ்சினின் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும், நடுவில் உள்ள பற்கள் கியர்பாக்ஸின் உள்வரும் தண்டுக்குப் பொருந்த வேண்டும். எஞ்சின் மாறி, கியர்பாக்ஸ் பழையதாகவே இருக்கும் வண்டிக்கு எந்த மாடலின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சரியான தட்டு வராது. விட்டத்தையும் பற்களின் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு, பழைய தட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.